நின்றால் விழாத மாடு: பென்சிலிலும் மையிலும் விலங்குகளை வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

மயிலாப்பூர் மாட வீதியில் கடையோரமாக நின்று அசைபோட்டுக்கொண்டிருந்த ஒரு பசுவைத்தான் நான் முதன்முதலில் நேரில் பார்த்து வரைந்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. கண்ணுக்கு இமைமயிர்கூட வைத்திருந்தேன். மாட்டை ஓட்டிப்போக வந்த பெரியவர் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். முகத்தை அவர் கவனிக்கவே இல்லை. பின்னங்காலை விரலால் தொட்டு, "தம்பி, இந்த மாடு நின்றால் விழுந்துவிடுமே" என்றார்.

அவர் சொன்னது சரி. பின்னங்கால் பின்னோக்கி மடங்கும் அந்த இடத்தை முழங்கால் என்று எண்ணி, வயிற்றுக்கு மிக அருகில் ஏற்றி வரைந்திருந்தேன். அன்று முதல் எந்த விலங்கை வரைந்தாலும் தாளைத் தள்ளிப் பிடித்து அவர் கேட்டதையே கேட்கிறேன்: இது நின்றால் விழுமா? கீழே சொல்லப்போகும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன. முடியும் மீசையும் கடைசியில் வரும்.

என்னென்ன வாங்குவது

எச்பி, 2பி, 6பி என, கறுப்பு கூடிக்கொண்டே போகும் மூன்று பென்சில் போதும். பன்னிரண்டு பென்சில் உள்ள பெட்டியைத் திறந்து எதை எடுக்கலாம் என்று யோசிப்பதற்குள் நாய் எழுந்து போய்விடும். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். களிமண் கூடினால் கடினமாகவும் வெளிறியும் எழுதும், குறைந்தால் மென்மையாகவும் கறுப்பாகவும் எழுதும். பிரான்சில் கொன்டே என்பவர் 1795இல் கண்ட முறை இது, இன்றும் பெரிதாக மாறவில்லை. மையில் முடிக்கப்போகும் படத்துக்கு எச்பிக்கு மேல் கறுப்பான பென்சில் வேண்டாம். 6பி இழுத்த இடம் வழுவழுப்பாகிவிடும், அதன்மேல் மை ஒட்டாமல் திட்டுத்திட்டாக நிற்கும்.

தாளுக்குச் சென்னையில் தாள் கடைகள் நிறைந்த ஆண்டர்சன் தெருவுக்குப் போகலாம், அல்லது உங்கள் பகுதி ஸ்டேஷனரிக் கடையிலேயே 150 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 150 கிராம்) கார்ட்ரிட்ஜ் பேப்பர் எனப்படும் தடித்த வரைதாளைக் கேட்கலாம். பயிற்சிக்கு ஒருபக்கம் அச்சான பழைய தாள்களே மேல். விலை கொடுத்து வாங்கிய தாளில் கை பயப்படும். மைக்கு வாங்கும் தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டின் விளிம்பில் வேர்விட்டது போல மை ஊறினால் அந்தத் தாள் பென்சிலுக்கு மட்டும்.

சென்னையில் இன்னொரு சங்கடம் உண்டு, வியர்வை. ஏப்ரல், மே மாதங்களில் உள்ளங்கை பட்ட இடமெல்லாம் தாள் நெளியும், பென்சில் கறை பரவும். கைக்கடியில் ஒரு துண்டுத் தாளை எப்போதும் வைத்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர்கள் இடமிருந்து வலமாகவும் இடக்கைக்காரர்கள் வலமிருந்து இடமாகவும் நிழலடித்தால் பாதிக் கறை தானாகவே குறையும்.

மை விஷயத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியா இங்க் எனப்படும் கறுப்பு வரைமையை அப்பாவின் பவுண்டன் பேனாவில் ஊற்றினேன். புகைக்கரியும் நீரில் கரையாத அரக்கும் கலந்த மை அது. உலர்ந்தால் அரக்கு இறுகிக்கொள்ளும். இரண்டே நாளில் பேனாவின் தொண்டை அடைத்துக்கொண்டது, வெந்நீருக்கும் அசையவில்லை. அந்த மைக்குத் தொட்டு வரையும் நிப்புதான் சரி. புது நிப்பில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அதைச் சோப்பு நீரில் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். இல்லையென்றால் மை நுனியில் நிற்காமல் சொட்டும். வெளியில் எடுத்துப் போக 0.1, 0.3, 0.5 என்று எண் போட்ட, நீரில் கரையாத ட்ராயிங் பேனாக்கள் வசதி.

யாரைப் பார்த்து வரைவது

புகைப்படத்திலிருந்து தொடங்காதீர்கள். புகைப்படம் அசையாது, அதனால் ஓரத்தை மட்டும் நகலெடுக்கக் கை பழகிவிடும். அசையும் விலங்கைப் பார்த்தால்தான் எது அசைகிறது, எது அசையவில்லை என்பது தெரியும்.

ஆனால் ஓடும் அணிலோடு முதல் நாளே மல்லுக்கட்ட வேண்டாம். தொடக்கக்காரருக்கு இந்த ஊரில் முதலையைவிடப் பொறுமையான மாடல் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், 1976இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய வடநெம்மேலி முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலைகள் வெயிலில் வாயைத் திறந்தபடி அரை மணி நேரம் அப்படியே கிடக்கும். உடம்புச் சூட்டைச் சமன்செய்ய அவை அப்படிச் செய்கின்றன, நமக்கு அது கொடை. திங்கட்கிழமை விடுமுறை. வாய் மூடியிருக்கும் முதலையை வரையும்போது கீழ்த்தாடையின் நான்காவது பல் வெளியே தெரிவதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது தூங்கும் தெருநாய். மதியம் 2 மணிக்கு எந்தத் தெருவிலும் நிறுத்திய காருக்கு அடியில் ஒன்று இருக்கும். மூன்றாவதாக வண்டலூர். 1855இல் சென்னை நகருக்குள் தொடங்கி 1985இல் வண்டலூருக்கு இடம் மாறிய அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அங்கே ஒரே நாளில் இருபது விலங்கைப் பார்க்க நினைத்தால் ஒன்றும் தேறாது. ஒரு கூண்டின் முன் இரண்டு மணி நேரம் உட்காருங்கள். கிண்டி தேசியப் பூங்காவில் புள்ளிமானும் வெளிமானும் உண்டு. புள்ளிமானுக்குக் கிளைவிட்ட கொம்பு, ஆண்டுதோறும் விழுந்து முளைக்கும். வெளிமானுக்குத் திருகிய, கிளையில்லாத கொம்பு, விழாது. இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டுப் பிறகு திருத்த முடியாமல் தவித்தவர்களை எனக்குத் தெரியும்.

எலும்பு பார்க்க எழும்பூர் அருங்காட்சியகம். அங்கே விலங்கியல் பிரிவில் யானையின் எலும்புக்கூடும் திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் திமிங்கிலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் யானையின் கால்களிடம் போய் நில்லுங்கள், காரணம் கொஞ்சம் கழித்து. வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.

நேரில் பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு ஒரு பழைய கதை. 1515இல் குஜராத் சுல்தான் கொடுத்த ஒரு காண்டாமிருகம் கோவாவிலிருந்து கப்பலில் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் டியூரர் அதைப் பார்க்காமலே, கையில் கிடைத்த வர்ணனையையும் ஒரு வரைவையும் வைத்து வரைந்தார். மரச்செதுக்கு அச்சாக அது ஐரோப்பா முழுதும் பரவியது. மாபெரும் ஓவியர்தான், ஆனாலும் முதுகில் இல்லாத ஒரு சின்னக் கொம்பு அதில் முளைத்திருக்கிறது.

முதல் படி: வீச்சுக் கோடு

ஒரு தாளை எடுத்து அதில் பத்துப் படம் வரைவதாக முடிவு செய்யுங்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம். பென்சிலை எழுதுவது போல நுனியில் பிடிக்காமல் நடுவில் பிடித்து, தோளிலிருந்து கையை அசைத்து, தலை உச்சியிலிருந்து முதுகு வழியாக வால் வரை ஒரே கோடு இழுங்கள். அந்தக் கோடு சரியாக விழுந்தால் நாயா பூனையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

விலங்கு திரும்பிவிட்டால் அந்தப் படத்தை அரைகுறையாக விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் தொடங்குங்கள். பழைய நிலைக்கு அது திரும்பி வரும். மாடு ஈயை விரட்டத் தலையைத் திருப்பும், பிறகு மறுபடி நேராகும். கூண்டுப் புலி ஒரே பாதையில் நடந்துகொண்டிருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே கால் தூக்கும். நான்கைந்து படங்களை மாறி மாறித் தொடர்ந்தால் அரை மணி நேரத்தில் ஒன்றாவது நிறைவடையும்.

இரண்டாம் படி: மூன்று உருண்டை, நான்கு கால்

வீச்சுக் கோட்டின் மேல் மூன்று உருண்டைகளைக் கட்டுங்கள்: தலை, விலாக்கூடு, இடுப்பு. விலாக்கூடு பெரிய முட்டை, இடுப்பு அதைவிடச் சின்னது. இரண்டுக்கும் நடுவே உள்ள வயிறு மென்மையானது, விலங்கு திரும்பும்போது மடங்குவதும் நீள்வதும் அந்த இடம்தான். நாயின் வயிறு பின்னால் போகப் போக உள்வாங்கும், பசுவின் வயிறு தொங்கும்.

கால்களில்தான் பெரும்பாலோர் சறுக்குவது, அதனால் இங்கே நிதானமாக. நாற்காலியில் உட்கார்ந்தபடி உங்கள் பாதத்தின் குதிகாலை மட்டும் தரையிலிருந்து தூக்குங்கள், விரல்கள் தரையிலேயே இருக்கட்டும். நாயும் பூனையும் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நடக்கின்றன. நாயின் பின்னங்காலில் பின்னோக்கிக் கூராகத் தெரிவது அதன் குதிகால். உண்மையான முழங்கால் மேலே, வயிற்றோரத்துத் தோலுக்கடியில் முன்னோக்கி மடங்கும், நம்முடையதைப் போலவே. மாடும் மானும் குதிரையும் இன்னும் ஒரு படி ஏறி விரல் நுனியில், நகத்தின் மேலேயே நிற்கின்றன. குளம்பு என்பது அந்த நகம். பசுவின் குதிகால் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அடுத்த முறை பாருங்கள். நான் அதைத்தான் முழங்கால் என்று எண்ணி இன்னும் மேலே ஏற்றியிருந்தேன்.

முன்னங்கால் வேறு கதை. அங்கே "முட்டி" என்று நாம் சொல்வது மணிக்கட்டு. முழங்கை நெஞ்சின் அடிப்பகுதியை ஒட்டி இருக்கும். நாய்க்கும் மாட்டுக்கும் குதிரைக்கும், நமக்குக் கழுத்தடியில் தோளோடு சேரும் காறையெலும்பு கிடையாது. தோள்பட்டை எலும்பு தசையில்தான் தொங்குகிறது, அதனால் நடக்கும்போது அது விலாவின் மேல் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும். நடக்கும் புலியின் முதுகில் இரண்டு மேடுகள் மாறி மாறி எழுவதைப் பார்த்திருப்பீர்கள், அது அந்த எலும்பின் மேல்விளிம்பு. அதை வரைந்தால் விலங்கு நடக்கும், விட்டால் மேசை போல நிற்கும்.

இனி அருங்காட்சியக யானை. அதன் கால்கள் தூண் போல, எலும்புகள் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று நேராக அடுக்கியவை. பின்னங்கால் முழங்கால் கீழே, கண்ணுக்குத் தெரியும்படி, மனிதனுடையதைப் போலவே இருக்கும். யானையின் பின்னங்காலை நாயைப் போல வளைத்தால் அது யானைத் தோல் போர்த்திய நாய்தான்.

நடையைப் பற்றி ஒன்று மட்டும். மாடு மெல்ல நடக்கும்போது இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால் என்ற வரிசையில் அடி வைக்கும். பாய்ந்தோடும் குதிரைக்கு முன்கால் முன்னும் பின்கால் பின்னுமாக விரித்து வரைவதுதான் பல காலம் ஓவியர் வழக்கம். 1878இல் புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் அடுத்தடுத்து எடுத்த புகைப்படங்களில், நான்கு குளம்பும் தரையை விட்டு எழும் நொடியில் கால்கள் வயிற்றுக்கடியில் குவிந்திருப்பது தெரிந்தது.

மூன்றாம் படி: அளவு

புள்ளி வைக்காமல் சிக்குக்கோலம் போடுகிறவர் அரிது. இங்கேயும் அப்படித்தான், முதலில் சில புள்ளிகள். கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நீளத்தில் விலங்கின் தலையை அளந்துகொள்ளுங்கள். உடல் நீளம் எத்தனை தலை, உயரம் எத்தனை தலை என்று எண்ணித் தாளில் புள்ளி வையுங்கள். தெருநாயின் தோள் உயரமும் நெஞ்சிலிருந்து புட்டம் வரையான நீளமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும், ஒரு சதுரத்துக்குள் அடங்கும். பசு படுக்கைவாட்டச் செவ்வகம். யானைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: முன்னங்கால் பாதத்தின் சுற்றளவைப் போல இருமடங்கு அதன் தோள் உயரம். கடைசியாக ஒரு நேர்கோட்டைக் கழுத்தடியிலிருந்து தரைக்குத் தொங்கவிட்டுப் பாருங்கள். முன்பாதம் அந்தக் கோட்டைவிட்டு வெகுதூரம் போயிருந்தால் விலங்கு விழுகிறது.

நான்காம் படி: முகம்

கண்ணை மனிதக் கண்ணாக வரைவது எல்லோரும் செய்கிற பிழை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கண்மணி கிடைமட்டமாக நீண்டிருக்கும். பூனைக்கும் முதலைக்கும் நல்ல வெளிச்சத்தில் செங்குத்துக் கீற்று. நாய்க்கும் யானைக்கும் வட்டம். கண்ணைச் சுற்றி வெள்ளையைக் காட்டினால் விலங்கு மிரண்டதாகத் தோன்றும். அமைதியான பசுவின் கண்ணில் வெள்ளை அதிகம் தெரியாது. இமைநிழல் கண்ணின் மேற்பகுதியில் விழும், அதை அடர்த்தியாக்கி, ஒளிப்புள்ளி ஒன்றைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிடுங்கள்.

பசுவுக்கும் ஆட்டுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. மூஞ்சி மென்மையாக, மேலுதடு கீழிறங்கித் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். காதை மறக்காதீர்கள், விலங்கின் மனநிலை பாதி அங்கேதான்.

ஐந்தாம் படி: முடி

இங்கே வந்து சேர்ந்ததும் பலருக்கு ஆசை பொங்கும், ஒவ்வொரு முடியாக வரையத் தொடங்குவார்கள். வேண்டாம். முடி உடம்பின் வழியைக் காட்டுகிற அம்புக்குறி, அவ்வளவே. மூக்கிலிருந்து தொடங்கி நெற்றி, கழுத்து, முதுகு என்று பின்னோக்கி ஓடும், விலாவில் சாய்ந்து இறங்கும், காலில் நேராகக் கீழே போகும். திசை மாறும் இடங்கள்தான் முக்கியம். மாட்டுச் சந்தையில் சுழி பார்த்து மாடு வாங்குகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நெற்றிச் சுழியில் முடி நாலாபக்கமும் விரியும். அந்த ஒரு சுழியைச் சரியாக வைத்தால் நெற்றியின் மேடு தானாக எழும்.

நிழல் விழும் ஓரத்திலும் வெளிச்சம் மாறும் இடத்திலும் மட்டும் முடி வரையுங்கள். நடு வெளிச்சத்தில் ஒன்றிரண்டு போதும். அணிலின் முதுகில் நம் ஊரில் மூன்று கோடு, வட இந்திய அணிலுக்கு ஐந்து. இணையத்தில் பார்த்து வரைகிறவர்கள் எண்ணிப் பாருங்கள்.

ஆறாம் படி: மை

பென்சில் வரைவை எச்பியில் மெலிதாக முடித்துவிட்டீர்கள். களிமண் போலப் பிசையக்கூடிய ரப்பரால் ஒற்றி எடுத்து, கோடுகள் மங்கலாகத் தெரியும் அளவுக்குக் குறையுங்கள். பிறகு மை.

மை அழியாது என்ற பயத்தில் பென்சில் கோட்டின் மேல் மெதுவாக, நடுங்கி நடுங்கிப் போவது எல்லாருக்கும் நேர்வது. அந்தக் கோட்டில் உயிர் இருக்காது. மூச்சை விட்டபடி, கோடு எங்கே முடியப்போகிறதோ அந்த இடத்தைப் பார்த்து இழுங்கள், பேனா நுனியைப் பார்க்காதீர்கள். பென்சில் கோட்டிலிருந்து சற்று விலகினால் விலகட்டும்.

கோட்டின் தடிமனில் கனம் இருக்கிறது. தரையைத் தொடும் பாதத்தின் அடி, வயிற்றின் கீழ்விளிம்பு, தாடைக்கடி, இவற்றில் நிப்பை அழுத்துங்கள். வெயில் படும் முதுகில் கோட்டை மெலிய விடுங்கள், சில இடங்களில் அறுத்தே விடுங்கள். பார்ப்பவர் கண் அதை இணைத்துக்கொள்ளும்.

சாம்பல் நிறம் மையில் கிடையாது, கோடுகளின் நெருக்கத்தில்தான் அதைக் கொண்டுவர வேண்டும். பழைய பத்திரிகைக் கோட்டோவியங்கள் கறுப்பு வெள்ளை மட்டும் பதியும் பிளாக்குகளில், அதாவது உலோக அச்சுக்கட்டைகளில், அச்சானவை, அதனால் அந்தக் கால ஓவியர்களுக்குக் கோட்டு நிழல் கைவந்த கலை. ஆனந்த விகடனில் ஓவியர் சில்பி மையில் வரைந்த கோயில் சிற்பங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோடுகள் உருண்டையைச் சுற்றி வளைந்தே போகும். விலங்குக்கும் அதே: வயிற்றின் மேல் நிழற்கோடு நேராகப் போனால் வயிறு பலகையாகிவிடும். முதல் வரிசைக்குக் குறுக்கே இரண்டாம் வரிசை போடும்போது செங்குத்தாக வெட்டாமல் சாய்வாக வெட்டுங்கள், இல்லையேல் கொசுவலை தெரியும். முதலையின் முதுகுக்கு மட்டும் புள்ளிகள் சரிவரும், செதிலின் மேடு வெள்ளை, இடுக்கில் புள்ளிகள் அடர்த்தி.

ஒரு காகத்தை வரைந்து பழகுங்கள். பால்கனி மதிலில் தினமும் வந்து உட்காரும், செலவில்லை. கறுப்புப் பறவை என்று முழுக்க மையை அப்பினால் மை கொட்டிய கறைதான் கிடைக்கும். நம் ஊர்க் காகத்தின் கழுத்து சாம்பல், அங்கே அகலமான இடைவெளியோடு கோடுகள். தலையுச்சியும் தொண்டையும் கறுப்பு. இறக்கையில் ஒவ்வொரு பெரிய இறகின் மேல்விளிம்பிலும் ஒரு வெள்ளைக் கீற்றை விட்டுவிட்டு, மிச்சத்தை இறகின் நீளவாக்கில் கோடிட்டு நிரப்புங்கள். அலகு, கண்ணின் ஒளிப்புள்ளி, கால்விரல்கள் கடைசி. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. கிளி வரைந்தால் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பறவையின் காலில் பின்னோக்கி மடங்குவதும் முழங்கால் இல்லை, கணுக்கால், அதே பழைய கதை.

மை காயாமல் ரப்பரைத் தொடாதீர்கள். மழைக்காலத்தில் காய வெகுநேரம் ஆகும், இரவு முழுக்க விட்டுவிடுவது நல்லது. நான் பத்து நிமிடத்தில் அவசரப்பட்டு ஒரு எருமையின் முகத்தை முழுதாக இழுத்துப் பூசியிருக்கிறேன். தவறிப்போன கோட்டுக்கு வெள்ளை மை உண்டு, ஆனால் அதற்குமேல் மறுபடி கறுப்பு மை சரியாக ஏறாது. சின்னப் பிழையென்றால் அந்த இடத்தில் நிழலைக் கூட்டி மூழ்கடித்துவிடுவது எளிது.

மாமல்லபுரம், நேரம் கிடைத்தால்

ஒரு சனிக்கிழமை காலை அர்ச்சுனன் தபசுப் பாறையின் முன் உட்காருங்கள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் விலங்கை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது அங்கே தெரியும். பெரிய யானையின் காலடியில் குட்டிகள், பின்னங்குளம்பால் மூக்கைச் சொறியும் மான், கையைத் தூக்கித் தவம் செய்யும் பூனை. அந்த மானை நாலு தாளில் வரைந்து பாருங்கள். பின்னங்கால் மூக்குவரை எழும்பியிருக்கிறது, தலை திரும்பியிருக்கிறது, ஆனாலும் உடம்பின் சமநிலை குலையவில்லை. பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கையில் கன்றை நக்கும் பசுவின் பின்னங்காலையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

படங்களை வைப்பது

ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதியும் இடமும் எழுதுங்கள். பென்சில் படங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் உராய்ந்து மங்கும், நடுவில் மெல்லிய தாள் வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அலமாரியின் அடித்தட்டில் வைக்காதீர்கள், சுவர் ஈரம் ஏறும். இராமபாணப் பூச்சிக்குத் தாள் என்றால் கொள்ளை ஆசை, அதனால் மாதம் ஒருமுறை எடுத்து உதறிப் புரட்டுங்கள். என் முதல் பசுப் படத்தின் இமைமயிரை அந்தப் பூச்சிதான் தின்றது. கால்கள் அப்படியே இருக்கின்றன.